மூர் மார்க்கெட் கடிகாரம் பொய் சொல்லல

உங்க வீட்டுப் பரண்ல ஓடாத கடிகாரம் ஒண்ணு கிடக்கா? கண்டிப்பா கிடக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கீழே வரும். அம்மா தூசி தட்டுவாங்க. அப்பா "இது எதுக்கு இன்னும்?"னு கேப்பாரு. யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. திரும்ப மேலே போயிடும்.

அந்தக் கடிகாரத்துக்கு மூணு வழிதான் இருக்குன்னு எல்லாரும் நினைக்கிறோம். பழைய இரும்புக்குப் போடலாம். ஓடாமலேயே ஹால்ல அழகுக்கு மாட்டலாம். இல்லைன்னா உள்ளே இருக்கிறதைப் பிடுங்கிட்டு, நூறு ரூபாய் குவார்ட்ஸ் மெஷின் ஒண்ணை வெச்சு ஓட வைக்கலாம். மூணாவது வழிதான் புத்திசாலித்தனம்னு தோணும். அதுதான் இருக்கிறதிலேயே மோசமான வழின்னு சொல்றதுக்குத்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பிச்சேன். எழுதி முடிக்கிறதுக்குள்ள என் கருத்து கொஞ்சம் மாறிடுச்சு. எப்படின்னு கடைசியில சொல்றேன்.

(முன்குறிப்பு: எல்.கே.ஜி.லேருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல நான் எழுதுற முதல் முழுக் கட்டுரை இது. பிழை இருந்தா எடிட்டர் டீமைத் திட்டுங்க.)

எங்க வீடு கள்ளக்குறிச்சி. தாத்தா ஸ்கூல் வாத்தியார். 1970-கள்ல ஏதோ டிரெயினிங்னு மெட்ராஸ் போனவர், திரும்பி வரும்போது மூர் மார்க்கெட்ல ஒரு செகண்ட் ஹேண்ட் கடிகாரம் வாங்கிட்டு வந்தார். பழுப்பு நிற பேக்லைட் பெட்டி, முகத்துல 'ஸ்மித்ஸ் செக்ட்ரிக்'னு இங்கிலீஷ்ல எழுத்து. சாவி கொடுக்க வேண்டாம், பேட்டரி போட வேண்டாம். நேரா பிளக்ல சொருகணும். தெருவே வந்து பார்த்துச்சாம்.

ஆனா ஒரே வாரத்துல அது குடும்ப காமெடி ஆயிடுச்சு. காலையில ரேடியோ செய்திக்கு முன்னாடி வர்ற பீப் சத்தத்துக்குச் சரியா வெப்பார். ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குள்ள பத்து நிமிஷம் பின்னாடி போயிருக்கும். சில நாள் விடியக்காலையில பார்த்தா கொஞ்சம் பிடிச்சிருக்கும். ஆயா இன்னைக்கும் சொல்லுவாங்க: "அந்தக் கடியாரம் உங்க தாத்தா மாதிரிதான். வெயில் காலத்துல படுத்துக்கும், மழை வந்தா ஓடும்."

மூர் மார்க்கெட்னா ஏமாத்துற இடம்னு அந்தக் காலத்துல ஒரு பேரு. அதனால தாத்தாவோட தம்பிங்க ஒவ்வொரு விசேஷத்துலயும் இதை எடுத்துடுவாங்க. "எங்கண்ணன் மூர் மார்க்கெட்ல தூங்குற கடியாரத்தை வாங்கிட்டு வந்தவரு." 1985-ல மூர் மார்க்கெட் எரிஞ்சே போச்சு. இந்தக் கிண்டல் மட்டும் எரியல. தாத்தா சிரிச்சுக்கிட்டே ஒண்ணுதான் சொல்லுவாராம்: "கடியாரத்து மேல தப்பு இல்லடா. என்னன்னுதான் தெரியல."

போன செமஸ்டர் லீவுல அதை நான் பரண்லேருந்து இறக்கினேன். பின்பக்கம் நாலு ஸ்க்ரூ. உள்ளே ஸ்பிரிங் இல்ல, பேலன்ஸ் வீல் இல்ல, ஊசல் இல்ல. ஒரு காயில், பல் பல்லா ஒரு ரோட்டர், வரிசையா கியர். அவ்வளவுதான். நேரத்தை அளக்கிற பொருள்னு எதுவுமே அதுக்குள்ள இல்ல! அப்ப எது நேரத்தை அளக்குது?

இ.இ.இ. மக்களே, உங்களுக்கு இந்நேரம் மணி அடிச்சிருக்கணும். அது ஒரு சிங்க்ரனஸ் மோட்டார். (தமிழ்ல ஒத்தியங்கு மோட்டார்னு சொல்லலாம். நல்ல வார்த்தைதான், நம்ம லேப்ல யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.) வைவாவுல தூக்கத்துலயும் சொல்லுவோமே, 120-ஐ ஃப்ரீக்வன்சியால பெருக்கி போல் எண்ணிக்கையால வகுக்கணும்னு, அந்த ஃபார்முலாதான். 30 போல் இருக்கிற ஒரு மோட்டார்னு வெச்சுக்கங்க. 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல அது நிமிஷத்துக்கு 200 சுத்து சுத்தும். வோல்டேஜ் கொஞ்சம் கூடினாலும் குறைஞ்சாலும் அதே 200. ஆனா ஃப்ரீக்வன்சி 49 ஆனா 196. கியர் எல்லாம் 200-க்குக் கணக்குப் பண்ணிச் செஞ்சது. அதனால முள் பின்தங்கும்.

எவ்வளவு பின்தங்கும்? 50-ல 1 குறைஞ்சா 2 சதவீதம். ஒரு நாளைக்கு 1440 நிமிஷம். நாள் முழுக்க 49 ஹெர்ட்ஸா இருந்தா 28.8 நிமிஷம் போயிடும். சாயங்காலம் 6 மணிலேருந்து 10 மணி வரைக்கும் 48.5 ஹெர்ட்ஸ் இருந்தாலே 7 நிமிஷத்துக்கு மேல காலி.

இப்ப ஆயா சொன்னதைத் திரும்பப் படிங்க. வெயில் காலத்துல படுத்துக்கும், மழை வந்தா ஓடும். எங்க ஊரைச் சுத்தி கரும்பும் நெல்லும் மரவள்ளியும். வெயில் காலத்துல கிணத்து மோட்டார் எல்லாம் ஓடும். சாயங்காலமானா அதோட வீட்டு லைட்டும் சேரும். உற்பத்தியை விட லோடு அதிகமானா ஜெனரேட்டர்களோட வேகம் இறங்கும், ஃப்ரீக்வன்சியும் இறங்கும். மழை பெஞ்சா மோட்டாரை நிறுத்திடுவாங்க. நடு ராத்திரி ஊர் தூங்கிடும். லோடு குறையும், ஃப்ரீக்வன்சி ஏறும். இது எங்க ஊரு மோட்டார் மட்டும் பண்ற வேலை இல்ல, தென்னிந்தியா முழுக்க ஒரே கிரிட், எல்லா ஊரும் சேர்ந்து இழுக்கிறது. 2000-க்கு முன்னாடி நம்ம நாட்டு கிரிட்கள்ல ஃப்ரீக்வன்சி 48-க்கும் 52-க்கும் நடுவுல ஊஞ்சல் ஆடிக்கிட்டு இருந்துச்சு.

தாத்தா கடிகாரம் தூங்கவே இல்ல. கரண்ட் எப்படி வந்துச்சோ அப்படியே எண்ணிக்கிட்டு இருந்துச்சு. அது தப்பா காட்டல. தப்பைக் காட்டிக்கிட்டு இருந்துச்சு. அதைப் படிக்கத்தான் எங்க வீட்ல ஆள் இல்ல.

இதே விஷயத்தைப் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் அமெரிக்காவுல இருந்தார். பேரு ஹென்றி வாரன். மாசசூசெட்ஸ்காரர். பிளக்ல சொருகினா ஓடுற சிங்க்ரனஸ் கடிகாரத்தை உருவாக்கினவர். அவர் கடிகாரமும் முதல்ல நேரம் தவறிச்சு. அவர் கடிகாரத்தை நோண்டல, பவர் ஸ்டேஷன் மேல சந்தேகப்பட்டார். ரெண்டு முள் இருக்கிற ஒரு மாஸ்டர் கடிகாரம் செஞ்சார். ஒரு முள்ளை நல்ல ஊசல் ஓட்டும், இன்னொண்ணை அந்த ஸ்டேஷனோட கரண்ட் ஓட்டும். ரெண்டும் ஒண்ணா போற மாதிரி ஜெனரேட்டர் வேகத்தை வெச்சுக்கணும், அவ்வளவுதான் ஆப்பரேட்டருக்கு வேலை. 1916-ல பாஸ்டன் எடிசன் கம்பெனி அதைத் தன்னோட ஸ்டேஷன்ல மாட்டுச்சு. வீட்டுக் கடிகாரம் சரியா ஓடணும்னு ஆரம்பிச்ச வேலை, பின்னாடி தனித்தனி ஸ்டேஷன்களை ஒரே கிரிட்டா இணைக்கவும் உதவிச்சு.

பழைய கதைன்னு நினைக்காதீங்க. 2018 ஜனவரி நடுவுலேருந்து மார்ச் தொடக்கம் வரைக்கும், ஐரோப்பாவுல கோடிக்கணக்கான வீடுகள்ல அடுப்புக் கடிகாரமும் ரேடியோ கடிகாரமும் கிட்டத்தட்ட 6 நிமிஷம் பின்தங்கிடுச்சு. செர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் நடுவுல மின்சாரத் தகராறு. கிரிட்டுக்கு வர வேண்டிய மின்சாரம் வரல. சராசரி ஃப்ரீக்வன்சி 49.996-க்கு இறங்குச்சு. தசமத்துல மூணாவது இடத்துல நடந்த கோளாறை சமையலறைக் கடிகாரம் காட்டிக் கொடுத்துடுச்சு.

நம்ம பக்கம் என்ன ஆச்சு? 2003-ல தென் மண்டலத்துல புது கட்டண முறை வந்துச்சு: ஃப்ரீக்வன்சி குறையிற நேரத்துல அளவுக்கு மேல இழுக்கிற மாநிலம் அதிக விலை கொடுக்கணும். ஊஞ்சல் கொஞ்சம் அடங்குச்சு. 2013 டிசம்பர் 31-ஆம் தேதி, ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கே.வி. லைன் வழியா தென்னிந்திய கிரிட்டை மத்த இந்தியாவோட இணைச்சாங்க. நாடு முழுக்க ஒரே கிரிட், ஒரே ஃப்ரீக்வன்சி. இன்னைக்கு அது 49.90-க்கும் 50.05-க்கும் நடுவுல இருக்கணும்னு விதி.

அதுக்கு முன்னாடி 2012 ஞாபகம் இருக்கா? நான் அப்ப மூணாங்கிளாஸ். ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. இந்த மாதிரி மோட்டார் கரண்ட் போனா நின்னுடும், திரும்ப வந்தா தானா கிளம்பாது. பின்னாடி இருக்கிற குமிழை கையால சுண்டி விடணும். நின்ன இடத்துலயே முள் நிக்கும், அதனால கரண்ட் எத்தனை மணிக்குப் போச்சுன்னு அதுக்குத் தெரியும். தாத்தா ஒவ்வொரு தடவையும் ஸ்டூல் போட்டு ஏறி, சுண்டி விட்டு, நேரத்தைச் சரி பண்ணிட்டு இறங்குவார். ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை. "விழுந்து வெச்சா யாரு பாக்குறது?"ன்னு ஆயாதான் சத்தம் போட்டு அதைப் பரண்ல ஏத்துனாங்க.

தாத்தா 2013 ஆடியில போயிட்டார். கிரிட் இணைஞ்சது அதுக்கு அஞ்சு மாசம் கழிச்சு.

சரி, கடிகாரத்துக்கு வருவோம். துணி சுத்தின பழைய வயர் தொட்டாலே உதிர்ந்துச்சு. காயில் உயிரோட இருந்துச்சு. பழைய எண்ணெய் கோந்து மாதிரி இறுகி ரோட்டரைப் பிடிச்சிருந்துச்சு, அதுதான் நோயே. காலேஜ் லேப்ல மெக்கர் வெச்சு இன்சுலேஷன் பார்த்தேன். சுத்தம் பண்ணி, புது வயர் போட்டு, 40 வாட்ஸ் பல்பை சீரீஸ்ல வெச்சு சுவிட்ச் போட்டேன். பல்பு எரியல. நல்ல சகுனம். குமிழைச் சுண்டினேன். ரெண்டு தடவை முக்கிட்டு நின்னுச்சு. மூணாவது தடவை பிடிச்சுக்கிச்சு. காதை வெச்சா லேசா ஒரு ரீங்காரம். கரண்ட் போகாம ஒரு முழு நாள் கிடைச்சப்ப போனோட ஒப்பிட்டேன். ஒரு நிமிஷம்கூட வித்தியாசம் வரல.

நான் அதுக்குள்ள குவார்ட்ஸ் மெஷின் வெச்சிருந்தா? நேரம் இதைவிடச் சரியா காட்டியிருக்கும். ஆனா தாத்தா ஏமாந்தவராவே இருந்திருப்பார்.

இதுதான் என் வாதம். பழைய எலக்ட்ரிக் கடிகாரத்தோட முகமும் பெட்டியும் கடிகாரம் இல்ல. உள்ளே இருக்கிற அந்த மோட்டார்தான் கடிகாரம். அதைப் பிடுங்கிட்டா மிச்சம் இருக்கிறது ஒரு படச்சட்டம்.

இந்த வாதத்தோட நெஞ்சை நிமித்திக்கிட்டு என் ரூம்மேட் ஊருக்குப் போனேன். அவன் கல்வராயன் மலைக்காரன், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். அங்கே லைன் கரண்ட் ரொம்ப லேட்டா வந்துச்சு. வந்த பிறகும் ஒரு காத்தடிச்சா போயிடும். அதனால மலையில எலக்ட்ரிக் கடிகாரம்னா பிளக் கடிகாரம் கிடையாது, 'பேட்டரி கடியாரம்'தான். குவார்ட்ஸ் பரவுறதுக்கு முன்னாடி வந்த டிரான்சிஸ்டர் கடிகாரம். குஜராத்துல மோர்பியில 1971-ல ஆரம்பிச்ச அஜந்தா கம்பெனியோட பேர்லயே அப்ப 'டிரான்சிஸ்டர் கிளாக்'னுதான் இருந்துச்சு. உள்ளே ஊசலோ பேலன்ஸ் வீலோ இருக்கும், அதுல ஒரு காந்தம். காந்தம் காயிலைத் தாண்டும்போது சின்னதா ஒரு வோல்டேஜ் பிறக்கும். அதை டிரான்சிஸ்டர் பிடிச்சு, பேட்டரிலேருந்து ஒரு தட்டு தட்டி விடும். ஊஞ்சல்ல குழந்தையை வெச்சுத் தள்ளுற மாதிரி. ஒரே ஒரு தடி பேட்டரியில மாசக்கணக்கா ஓடும். தரையில பிளக் கடிகாரம், மலையில பேட்டரி கடிகாரம். கரண்ட் எது வரைக்கும் போச்சுன்னு கடிகாரத்தை வெச்சே ஒரு மேப் போடலாம் போல இருக்கே!

ரூம்மேட் வீட்டுச் சுவர்ல அப்படி ஒண்ணு இருந்துச்சு. அவங்கப்பா மரவள்ளி வித்த காசுல சின்னசேலத்துல வாங்கினதாம். ஆசையா இறக்கித் திருப்பிப் பார்த்தேன். கறுப்பு பிளாஸ்டிக் டப்பா. குவார்ட்ஸ் மெஷின்.

"உள்ளே இருந்தது எங்கப்பா?"ன்னு கேட்டேன். "அதுவா தம்பி, அது பழைய இரும்புக்காரன்கிட்ட போயி பல வருஷமாச்சு. ஏன், இது நல்லாத்தானே ஓடுது?"

முகத்துல வருத்தம் தெரிஞ்சிருக்கணும். அவரு சிரிச்சுட்டுச் சொன்னாரு: "காலையில கள்ளக்குறிச்சிக்கு இறங்குற பஸ்ஸை விட்டா அடுத்ததுக்கு ரொம்ப நேரம் உக்காரணும். புள்ளைங்க பரீட்சைக்குப் போகணும், ஆஸ்பத்திரிக்குப் போகணும். எனக்கு மணி சரியா காட்டணும், அவ்வளவுதான்."

என்கிட்ட பதில் இல்ல. இப்பவும் இல்ல. தாத்தா கடிகாரம் பத்து நிமிஷம் தூங்கினா கள்ளக்குறிச்சியில ஒரு கிண்டலோட போயிடும். இங்கே ஒரு பஸ் போயிடும், ஒரு பரீட்சை போயிடும். வேலை செய்ய வேண்டிய கடிகாரத்துக்குக் குவார்ட்ஸ் வெச்சது தப்புன்னு ஏசி ரூம்ல உக்காந்து சொல்ற அதிகாரம் எனக்குக் கிடையாது.

அதனால என் கருத்தைத் திருத்திக்கிறேன். தேவைப்பட்டா மாத்துங்க. ஆனா கழட்டினதைத் தூக்கிப் போடாதீங்க. ஒரு பிஸ்கட் டின்ல போட்டு, "இது இந்தக் கடிகாரத்தோடது"ன்னு ஒரு சீட்டு எழுதி, அதே வீட்ல வையுங்க. பெட்டியை அறுக்காதீங்க, முகத்துல துளை போடாதீங்க, பெயிண்ட் அடிக்காதீங்க. நீங்க பண்றது எதையும் பின்னாடி வர்ற ஒருத்தர் கழட்டிப் பழையபடி வைக்க முடியணும். மலையில அன்னைக்கு அந்த டின் இருந்திருந்தா, பஸ்ஸும் தவறியிருக்காது, கடிகாரமும் போயிருக்காது.

இதெல்லாம் படிச்சுட்டு பரண்ல ஏறப் போறவங்களுக்கு சில விஷயம். இறக்கின உடனே பிளக்ல சொருகாதீங்க. 230 வோல்ட், ரெண்டே வயர், பெரும்பாலும் எர்த் கிடையாது. முதல்ல லேபிளைப் படிங்க. 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்னு இருந்தா அது அமெரிக்கச் சரக்கு. நேரா சொருகினா காயில் எரியும். டிரான்ஸ்ஃபார்மர் வெச்சாலும் நம்ம 50 ஹெர்ட்ஸ்ல ஒரு மணி நேரத்துக்கு 50 நிமிஷம்தான் ஓடும். வயர் பழசா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு மாத்துங்க. லேப்ல தெரிஞ்சவங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு சீரீஸ் பல்போட டெஸ்ட் பண்ணுங்க. தேங்காய் எண்ணெய் விடாதீங்க, அதுதான் கோந்தாகும். கடிகார எண்ணெய், ஊசி முனையில ஒரு சொட்டு. இருட்டுல ஒளிர்ற பழைய முகமா இருந்தா சுரண்டாதீங்க, ரேடியம் கலந்த பெயிண்டா இருக்கலாம். டிரான்சிஸ்டர் கடிகாரத்துல முதல்ல பேட்டரி பிடிக்கிற தகடைப் பாருங்க. பாதி நோய் அந்தப் பச்சைத் துருதான். டிரான்சிஸ்டரே போயிருந்தா, பழசு பெரும்பாலும் ஜெர்மானியம், 0.3 வோல்ட்லயே விழிச்சுக்கும். சிலிக்கானுக்கு 0.7 வேணும். ஒன்றரை வோல்ட் பேட்டரியில இந்த வித்தியாசம் பெருசு. முதல் வருஷம் மனப்பாடம் பண்ண அந்த ரெண்டு நம்பர் எதுக்குன்னு எனக்கு நாலாவது வருஷம்தான் தெரிஞ்சுது.

இதைச் சொல்லும்போது எனக்கே வெட்கமா இருக்கு. இன்னும் சில மாசத்துல நாம இன்ஜினியர்னு கையெழுத்துப் போடப் போறோம். ஆனா கெட்டுப்போன ஒரு பொருளைத் திறந்து, ஏன் கெட்டுச்சுன்னு கண்டுபிடிச்சு, திரும்ப ஓட வெச்சவங்க நம்ம கிளாஸ்ல எத்தனை பேரு? ஃபைனல் இயர் புராஜெக்ட்டையே காசு கொடுத்து வாங்குறாங்கன்னு நமக்குத் தெரியாததா? ஒரு பழைய கடிகாரத்துல மெஷின்ஸ், பவர் சிஸ்டம், எலக்ட்ரானிக்ஸ் மூணும் இருக்கு. விலை அதிகம் போனா ஒரு சினிமா டிக்கெட்.

இன்னொரு வேண்டுகோள். ரிப்பேர் பண்ணினா மட்டும் போதாது. அது யார் வாங்கினது, எங்கே வாங்கினது, எப்படி ஓடுச்சுன்னு வீட்ல பெரியவங்களைக் கேட்டு எழுதி, பின்மூடிக்குள்ள ஒட்டி வையுங்க. எங்க கடிகாரம் வரும்போது ஊர் தென்னாற்காடு மாவட்டம். 1993-ல விழுப்புரம். 2019-ல கள்ளக்குறிச்சியே தனி மாவட்டம். வீடு ஒரே வீடுதான். ஆயா போற போக்குல சொன்ன "மழை வந்தா ஓடும்"கிற அந்த ஒரு வரி இல்லைன்னா எனக்கும் இது ஒரு கெட்டுப்போன கடிகாரம்தான். மல்டிமீட்டர் அதைச் சொல்லியிருக்காது.

கடிகாரம் இப்ப பழைய ஆணியிலேயே தொங்குது. ஃப்ரீக்வன்சி, லோடு, கிணத்து மோட்டார் எல்லாம் ஆயாவுக்கு ஒரு மணி நேரம் விளக்கினேன். முழுசா கேட்டாங்க. "அப்ப அவரு ஏமாறல?"ன்னு ஒரே ஒரு கேள்வி.

"இல்ல ஆயா."

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் போனை எடுத்து என் கையில கொடுத்து, சின்னத் தாத்தாவுக்குப் போடச் சொன்னாங்க.